பான்ஹேண்டில்: வரைபடத்தில் ஒரு பொருள், தெருவோரத்தில் இன்னொரு பொருள்

அமெரிக்கச் செய்திகளைப் படிப்பவர்கள் பான்ஹேண்டில் என்ற சொல்லை இரண்டு விதமான இடங்களில் சந்தித்திருப்பார்கள். ஒன்று, புயல், தீ பற்றிய செய்திகள். 2018 அக்டோபர் 10 அன்று மைக்கேல் புயல் ஃபுளோரிடா பான்ஹேண்டிலில் கரையைக் கடந்தது. 2024 பிப்ரவரியில் டெக்சஸ் பான்ஹேண்டிலில் பற்றிய புல்வெளித் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்துப்போட்டது. இன்னொன்று, நகராட்சி, நீதிமன்றச் செய்திகள். பான்ஹேண்ட்லிங் செய்பவர்களைக் கட்டுப்படுத்த ஒரு நகர சபை விதி கொண்டுவரும். சில மாதங்களில் நீதிமன்றம் அதை ரத்து செய்யும்.

முதல் வகைச் செய்தியில் அது ஒரு நிலப்பகுதி. இரண்டாவதில், தெருவில் போகிறவர்களிடம் கை நீட்டிக் காசு கேட்பது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முதன்முறை பார்ப்பவர்கள் குழம்புவது இயல்புதான்.

சொல்லின் மூலப்பொருள் அடுப்படியில் இருக்கிறது. நம் வீட்டு இரும்பு வாணலிக்கு இரண்டு பக்கமும் காது இருக்கும். அமெரிக்கர்கள் பான் என்று சொல்லும் வாணலிக்கு ஒரே பக்கத்தில் நீளமாக ஒரு கைப்பிடி. இப்போது நம் வீடுகளிலும் இருக்கிற நான்-ஸ்டிக் தவாவை நினைத்துக்கொண்டால் போதும். வட்டமான உடல், அதிலிருந்து ஒல்லியாக நீளும் பிடி. அந்தப் பிடிதான் பான்ஹேண்டில். வரைபடத்தில் ஒரு மாநிலம் அகலமான உடலோடு இருந்து, ஒரு பக்கம் மட்டும் ஒடுங்கி, அண்டை மாநிலங்களுக்கு நடுவே நீண்டு போனால், அந்த நீட்சிக்கும் அதே பெயர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒல்லியான நிலமெல்லாம் பான்ஹேண்டில் ஆகாது. மூன்று பக்கம் கடல் சூழ்ந்திருந்தால் தீபகற்பம். யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் ஆனையிறவு இணைப்பது போல, இரண்டு பெரிய நிலங்களை இணைக்கும் ஒடுங்கிய தரை என்றால் அதைப் பூசந்தி என்பார்கள். தனுஷ்கோடி போல அலையும் நீரோட்டமும் மணலைக் கொண்டுவந்து சேர்த்தது என்றால் அது மணல்முனை. இவையெல்லாம் இயற்கை உண்டாக்கியவை. பான்ஹேண்டிலை உண்டாக்குவது எல்லைக்கோடு. ஒரு பக்கம் ஆறோ கடலோ மலையோ எல்லையாக இருக்கலாம். ஆனால் எங்கோ ஒரு மேசையில் யாரோ போட்ட கோடு இல்லாமல் அந்த வடிவம் வந்திருக்காது. அதனால்தான் ஒவ்வொரு பான்ஹேண்டிலையும் தோண்டினால் அடியில் ஒரு ஒப்பந்தமோ, சண்டையோ, பேரமோ கிடைக்கிறது. எனக்கு இந்தச் சொல்லில் பிடித்த விஷயமே அதுதான்.

நிலப்பகுதிக்கு இந்தப் பெயர் 1850-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அப்போது அப்படி அழைக்கப்பட்டது வர்ஜீனியாவின் ஒரு துண்டு; இன்று அது மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் வடக்கு பான்ஹேண்டில். 1681-ல் இங்கிலாந்து அரசர் வில்லியம் பென் என்பவருக்குப் பென்சில்வேனியாவை எழுதிக்கொடுத்தபோது, டெலவேர் ஆற்றிலிருந்து மேற்கே ஐந்து தீர்க்கரேகைப் பாகை வரை உன்னுடையது என்று எழுதினார். அந்தப் பக்கம் போய் யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. நூறு வருடம் கழித்து அளந்து கோடு போட்டபோது, அது ஒஹையோ ஆற்றைத் தொடாமல், ஆற்றுக்குக் கொஞ்சம் கிழக்கே நின்றுவிட்டது. இதற்கிடையே வர்ஜீனியா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் உரிமைகளை 1784-ல் மத்திய அரசிடம் விட்டுக்கொடுத்தது. கிழக்கே பென்சில்வேனியாவின் கோடு, மேற்கே ஆறு, நடுவில் மிஞ்சிய துண்டு வர்ஜீனியாவுக்கு. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஆறேழு கிலோமீட்டர்தான். அங்கே வெய்ர்ட்டன் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஒரே ஊரின் ஒரு எல்லை ஒஹையோ மாநிலத்தையும் எதிர் எல்லை பென்சில்வேனியாவையும் தொடுகிறது. ஒரு மாநிலத்தின் முழு அகலமும் ஓர் ஊருக்குள் அடங்கிவிடுகிறது.

உள்நாட்டுப் போரின்போது வர்ஜீனியா இரண்டாகப் பிரிந்தது. அடிமைமுறையைக் காக்கப் புறப்பட்ட தென்மாநிலங்களோடு சேர மறுத்த மேற்குப் பகுதி 1863-ல் தனி மாநிலமானது. அந்த எதிர்ப்புக்குக் கூட்டம் கூடிய ஊர் வீலிங். அது இருப்பது இந்தக் கைப்பிடியில்தான். ஒஹையோவும் பென்சில்வேனியாவும் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டிருந்த ஊர் அது. அதன் வியாபாரமும் உறவும் வடக்கோடுதான் இருந்தன.

ஆனால் பான்ஹேண்டில் என்றதும் அமெரிக்கர்கள் பலரின் நினைவுக்கு வருவது ஓக்லஹோமா. வரைபடத்தில் பார்த்தால் அளவுகோல் வைத்து வெட்டியது மாதிரி இருக்கும். நீளம் சுமார் 270 கிலோமீட்டர், அகலம் சுமார் 55 கிலோமீட்டர். இதன் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அடிமைமுறையின் தடம்.

1820-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சமரசம் செய்தது. மேற்கே புதிதாக வாங்கிய நிலத்தில் அட்சரேகை 36 பாகை 30 கலைக்கு (முப்பத்தாறரை டிகிரிக்கு) வடக்கே, மிசௌரி நீங்கலாக, அடிமைமுறை கூடாது, தெற்கே இருக்கலாம். 1845-ல் டெக்சஸ் அமெரிக்காவோடு சேர்ந்தபோது அதன் உரிமைகோரல் அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் வடக்கே போனது. டெக்சஸ் அடிமைகளை வைத்திருந்த மாநிலம். கோட்டுக்கு வடக்கே இருந்த நிலத்தை வைத்துக்கொண்டால் அங்கே அடிமைகளை வைக்க முடியாது. கடனும் கழுத்து வரை இருந்தது. 1850-ல் மத்திய அரசு ஒரு கோடி டாலர் கொடுக்க, டெக்சஸ் கோட்டுக்கு வடக்கே இருந்த நிலத்தையும் மேற்கே இருந்த நிலத்தையும் விட்டுவிட்டது. டெக்சஸ் பான்ஹேண்டிலின் வடக்கு எல்லை இன்றும் அதே 36 பாகை 30 கலைதான்.

சரி, விட்ட நிலம் யாருக்குப் போனது? 1854-ல் கன்சாஸ் பிரதேசத்தை (பிரதேசம் என்றால் இன்னும் மாநிலமாகாத நிலப்பிரிவு) உருவாக்கியபோது அதன் தெற்கு எல்லையை 37-ஆம் பாகையில் வைத்தார்கள். செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் நிலத்தை ஊடறுக்காமல் இருக்க அப்படி வைத்தது. மேற்கே நியூ மெக்சிகோவின் எல்லை 103-ஆம் தீர்க்கரேகை. கிழக்கே செரோக்கிகளுக்கு ஒதுக்கிய நிலம் 100-ஆம் தீர்க்கரேகையோடு முடிந்தது. நாலு பக்கமும் நாலு பேர் தங்கள் கோட்டைப் போட்டு முடித்தபோது, நடுவில் அரைப் பாகை அகலமுள்ள ஒரு பட்டை யார் கணக்கிலும் சேராமல் நின்றது. மக்கள் அதை யாருமில்லா நிலம் என்றே அழைத்தார்கள். 1850 முதல் 1890 வரை, நாற்பது வருடம், அது எந்த மாநிலத்திலும் இல்லை, எந்தப் பிரதேசத்திலும் இல்லை.

பதிவு செய்ய அலுவலகம் இல்லாத இடத்தில் பத்திரமும் கிடையாது. 1880-களில் மாடு மேய்ப்பவர்களும் உழவர்களும் வந்து குடியேறினார்கள். புல்வேர் மண்ணைக் கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் அங்கே மரம் அரிது. ஆனால் அந்த வீடு நின்ற நிலம் தங்களுடையது என்று காட்ட அவர்களிடம் ஒரு காகிதமும் இல்லை. 1887-ல் அவர்களே கூடி, சிமரான் பிரதேசம் என்று பெயர் வைத்து, ஒரு சபை அமைத்து, வாஷிங்டனுக்குப் பிரதிநிதியை அனுப்பினார்கள். நாடாளுமன்றம் ஏற்கவில்லை. 1888 ஜூலையில், பக்கத்துக் கன்சாஸ் ஊர்களுக்கு இடையிலான ஒரு பகையில் நான்கு பேர் இந்த நிலத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலையை விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1890-ல்தான் இந்தப் பட்டையை ஓக்லஹோமா பிரதேசத்தோடு சேர்த்தார்கள். 1907-ல் ஓக்லஹோமா மாநிலமானது. இந்த வரலாற்றில் செரோக்கிகளின் நிலம் ஓர் எல்லைக்கோடாக மட்டும் வந்துபோகிறது. கிழக்கே தங்கள் சொந்த மண்ணிலிருந்து 1830-களில் விரட்டப்பட்டவர்கள் அவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

பட்டையின் மேற்குக் கோடியில் இருக்கும் சிமரான் மாவட்டம் டெக்சஸ், நியூ மெக்சிகோ, கொலராடோ, கன்சாஸ் என நான்கு அண்டை மாநிலங்களைத் தொடுகிறது. அமெரிக்காவில் வேறு எந்த மாவட்டமும் அப்படி இல்லை. 1930-களின் பெரும் புழுதிப் புயல்கள் இங்கேதான் மிகக் கடுமையாக அடித்தன. புல்லை உழுது கோதுமை போட்ட நிலம், மழை பொய்த்ததும் காற்றோடு கிளம்பிவிட்டது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் இருட்டிய அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். அந்தப் பகுதிக்கு டஸ்ட் பவுல், அதாவது புழுதிக் கிண்ணம், என்ற பெயரும் அந்த வாரத்துச் செய்தியில்தான் முதலில் அச்சேறியது.

வறட்சியும் கடனும் வேலையின்மையும் சேர்ந்து, ஓக்லஹோமாவிலிருந்தும் சுற்றியிருந்த மாநிலங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். 1936-ல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை தன் ஆட்கள் 136 பேரை மாநில எல்லைகளுக்கே அனுப்பி, கையில் காசில்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. மாநிலத்தில் வசிக்காத ஏழை ஒருவரை உள்ளே அழைத்துவருவதே குற்றம் என்று கலிஃபோர்னியாவில் சட்டம் இருந்தது. 1941-ல் எட்வர்ட்ஸ் எதிர் கலிஃபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏழை என்பதற்காக ஒருவரை எல்லையில் நிறுத்த முடியாது என்பது அப்போதுதான் உறுதியானது. பிச்சை கேட்பதைப் பற்றிப் பின்னால் பேசும்போது இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற அமெரிக்கக் கைப்பிடிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். டெக்சஸினுடையது பெயருக்குத்தான் கைப்பிடி. 26 மாவட்டங்கள் கொண்ட கிட்டத்தட்ட சதுரமான நிலம், அமரில்லோ அதன் பெரிய நகரம். ஐடஹோவினுடையது வடக்கே கனடா வரை ஒடுங்கிப் போகிறது. அங்கே கடிகாரம் மாநிலத்தின் தென்பகுதியைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும்.

ஃபுளோரிடாவுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தரலாம். 1763-ல் பிரிட்டிஷார் ஃபுளோரிடாவை ஸ்பெயினிடமிருந்து பெற்று, கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்தார்கள். மேற்கு ஃபுளோரிடா மிசிசிப்பி ஆறு வரை நீண்டிருந்தது. பிறகு அமெரிக்கா அதன் மேற்கு முனையைத் துண்டு துண்டாக எடுத்து லூயிசியானா, மிசிசிப்பி, அலபாமாவுக்குக் கொடுத்துவிட்டது. மிச்சம்தான் இன்றைய பான்ஹேண்டில். மாநிலத் தலைநகரம் டல்லஹாசி ஏன் மயாமியிலிருந்து அவ்வளவு தூரத்தில், கைப்பிடிக்குள் இருக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. இரண்டு ஃபுளோரிடாக்களுக்கும் தனித்தனித் தலைநகரம் இருந்தது: கிழக்கே செயின்ட் அகஸ்டின், மேற்கே பென்சகோலா. இரண்டுக்கும் நடுவே ஓரிடம் பார்த்து 1824-ல் தலைநகரை வைத்தார்கள். இந்தக் கைப்பிடியின் மேற்குப் பகுதிக்கும் நேரம் ஒரு மணி பின்தங்கியது. 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில், அந்தப் பகுதியில் வாக்குப்பதிவு முடியும் முன்பே தொலைக்காட்சிகள் ஃபுளோரிடாவில் அல் கோர் வென்றதாக அறிவித்துவிட்டு, பிறகு திரும்பப் பெற்றன.

அலாஸ்காவின் பான்ஹேண்டில் கனடாவின் கரையோரமாகத் தெற்கே இறங்கி வருவது. 1825-ல் ரஷ்யாவும் பிரிட்டனும் போட்ட ஒப்பந்தத்தில், கடற்கரைக்கு இணையான மலைமுகடுகள் எல்லை என்று எழுதினார்கள். 1867-ல் அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கியபோது அந்தத் தெளிவில்லாத எல்லையும் சேர்ந்தே வந்தது. 1896-ல் கனடாவின் குளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்த பிறகு, கடலுக்குப் போகும் வழி யாருடையது என்ற கேள்வி சூடேறியது. 1903-ல் ஆறு பேர் கொண்ட தீர்ப்பாயம் கூடியது: மூன்று அமெரிக்கர்கள், இரண்டு கனடியர்கள், ஒரு பிரிட்டிஷ் நீதிபதி. பிரிட்டிஷ் நீதிபதி அமெரிக்கா பக்கம் வாக்களித்தார். கனடாவில் அந்தக் கசப்பு நீண்ட நாள் இருந்தது. அலாஸ்காவின் தலைநகரம் ஜூனோ இந்தக் கைப்பிடியில் இருக்கிறது. அங்கே போக விமானமோ கப்பலோதான், வெளியிலிருந்து சாலை கிடையாது. கைப்பிடியின் தென்கோடிப் பக்கம் ஹைடர் என்ற சின்ன ஊருக்குச் சாலை உண்டு, ஆனால் அது கனடாவிலிருந்து வருகிறது. கடைகளில் கனடிய டாலர் புழங்கும். தபால் நிலையத்தில் மட்டும் அமெரிக்க டாலர்.

சொல் அமெரிக்காவில் பிறந்தாலும் இந்த வடிவம் எங்கும் உண்டு. ஆப்கானிஸ்தானின் வடகிழக்கில் சீனா வரை நீளும் வாகான் பட்டையைப் பாருங்கள். சுமார் 350 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 15 கிலோமீட்டர்கூட அகலம் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவும் ரஷ்யப் பேரரசும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக, நடுவில் ஆப்கன் அமீரின் கையில் ஒரு துண்டை வைத்தார்கள். 1895-ல் எல்லைக்குழு அதை உறுதி செய்தது. அங்கே வாழும் வாகி மக்களுடைய உறவினர்கள் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் இன்றைய தஜிகிஸ்தானிலும், மலைக்குத் தெற்கே பாகிஸ்தானிலும் இருக்கிறார்கள். பட்டையின் கிழக்குக் கோடியில் சீன எல்லையைத் தாண்டினால் கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் திருப்ப வேண்டும்.

நமீபியாவின் கப்ரிவி பட்டை இன்னொரு தெளிவான உதாரணம். 1890-ல் ஜெர்மனியும் பிரிட்டனும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஜெர்மனிக்குத் தன் தென்மேற்கு ஆப்பிரிக்கக் காலனியிலிருந்து சாம்பெசி ஆற்றை எட்ட வழி வேண்டும். எந்த இடத்திலும் இருபது மைல் அகலத்துக்குக் குறையாத ஒரு நிலப்பட்டை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள். ஆற்றுவழியே கிழக்குக் கடலுக்குப் போய்விடலாம் என்பது எண்ணம். ஆனால் கீழே விக்டோரியா அருவி இருக்கிறது. படகு எங்கே போகும்? பட்டைக்கு அப்போதைய ஜெர்மன் சான்சலர் லியோ ஃபான் கப்ரிவியின் பெயரை வைத்தார்கள். 2013-ல் நமீபிய அரசு அந்த மாகாணத்தின் பெயரை சாம்பெசி என்று மாற்றியது. அங்கே வசிப்பவர்களைக் கேட்காமல் வெட்டிய நிலத்துக்கு, அங்கே ஓடும் ஆற்றின் பெயராவது வந்தது நல்லதுதான்.

நமக்குப் பக்கத்தில் என்றால் சிலிகுரி. 1947 பிரிவினையில் உண்டான, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 22 கிலோமீட்டர் அகலமுள்ள இந்தத் துண்டைக் கோழிக்கழுத்து என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். இதைப் பான்ஹேண்டில் என்று சொல்வதில்லை. பிடிக்கு ஒரு முனைதான் உடலோடு ஒட்டும். இந்தத் துண்டோ இரண்டு பக்கமும் இந்தியாவோடு ஒட்டி, வடகிழக்கு மாநிலங்களை இணைக்கிறது. கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் இடையே ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் இந்தக் கழுத்தின் வழியாகத்தான் போகிறது.

இனி, கை நீட்டும் பொருளுக்கு வருவோம்.

தெருவில் காசு கேட்பது என்ற பொருளும் அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானதுதான். அந்த நூற்றாண்டின் கடைசியில் வினைச்சொல்லாகவும் பரவலாகிவிட்டது. அகராதிகள் இரண்டு விளக்கம் தருகின்றன. உடலிலிருந்து நீண்டு நிற்கும் கை, வாணலியின் பிடி போல இருக்கிறது என்பது ஒன்று. காசு வாங்கப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்பது இன்னொன்று. எப்படியானாலும், மாநிலத்தின் பெயரிலிருந்து பிச்சைக்கு வரவில்லை, பிச்சையிலிருந்து மாநிலத்துக்கும் போகவில்லை. இரண்டும் தனித்தனியாக அந்தப் பாத்திரத்தின் பக்கம் திரும்புகின்றன. டெக்சஸ் பான்ஹேண்டிலில் பிச்சைக்காரர்கள் அதிகம் போலிருக்கிறது என்று யாராவது நினைத்தால் அது சரியல்ல.

இரண்டு பொருளும் உரசிக்கொள்ளும் இடம் சான் ஃபிரான்சிஸ்கோ. அங்கே கோல்டன் கேட் பூங்காவின் கிழக்குப் பக்கம், ஃபெல், ஓக் என்ற இரண்டு தெருக்களுக்கு நடுவே, ஒரு தெரு அகலமும் எட்டுத் தெரு நீளமுமாக ஒரு பூங்காப் பட்டை உண்டு. அதன் பெயரே பான்ஹேண்டில். 1966-ல் டிகர்ஸ் என்ற குழுவினர் தினமும் அங்கே சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து, வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகப் போட்டார்கள். அந்த நகரத்தைப் பற்றிய செய்தியில் இந்தச் சொல் வந்தால் மட்டும் பூங்காவா பிச்சையா என்று ஒருமுறை நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

பான்ஹேண்ட்லிங் என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்கும் சொல். சிவப்பு விளக்கில் நிற்கும் கார்களிடம் அட்டை காட்டுவது, கடை வாசலில் கோப்பையோடு உட்கார்ந்திருப்பது, நடப்பவர்களிடம் சில்லறை கேட்பது எல்லாம் இதில் சேரும். வீடில்லாமல் இருப்பதும் இதுவும் ஒன்றல்ல. தெருவில் தூங்குபவர்களில் பலர் யாரிடமும் கேட்பதில்லை. கேட்பவர்களில் சிலருக்குத் தங்க இடம் இருக்கும். செய்தி எழுதுபவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடும்போது யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே தெரியாமல் போகிறது.

அமெரிக்காவில் இது நீதிமன்றத்துக்குப் போவதற்குக் காரணம், காசு கேட்பதும் ஒரு பேச்சு என்று அங்கே சட்டம் பார்ப்பதுதான். 1980-ல், நன்கொடை கேட்பது அரசியல் சாசனம் காக்கும் பேச்சில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு தொண்டு நிறுவனத்தின் வழக்கில் சொன்னது. நிறுவனம் கேட்டால் பேச்சு, தனி மனிதர் தனக்காகக் கேட்டால் மட்டும் குற்றமா? கீழ்நிலை நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியில் அங்குமிங்கும் போயின. நியூயார்க் சுரங்க ரயிலில் பிச்சைக்கு இருந்த தடை 1990-ல் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993-ல், தெருக்களில் முழுத் தடை செல்லாது என்றது.

பெரிய திருப்பம் 2015. அரிசோனாவின் கில்பர்ட் என்ற ஊரில் ஒரு தேவாலயம் வழிகாட்டிப் பலகை வைப்பது பற்றிய வழக்கு, ரீட் எதிர் கில்பர்ட். பேச்சின் உள்ளடக்கத்தைப் பார்த்து அரசு விதி போட்டால், அதை நீதிமன்றம் மிகக் கடுமையாகச் சோதிக்கும் என்றது தீர்ப்பு. பலகை வழக்குக்கும் பிச்சைக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அப்போது இருந்த விதியைப் பாருங்கள். அங்கே நகர மையத்தில், இப்போதே காசு கொடுங்கள் என்று வாயால் கேட்பது குற்றம். அதையே அட்டையில் எழுதிப் பிடிக்கலாம். பிறகு பணம் அனுப்புங்கள் என்று வாயால் கேட்கலாம். நடப்பவரிடம் மணி என்ன என்றும் கேட்கலாம். அப்படியானால் அதிகாரி ஒருவர், அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதைக் கேட்டுத்தான் குற்றமா இல்லையா என்று முடிவு செய்ய முடியும். முதலில் இந்த விதியை ஏற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம், ரீட் தீர்ப்புக்குப் பிறகு அதே 2015-ல் மாற்றிச் சொல்லி விதியைத் தள்ளியது. அதைத் தொடர்ந்து பல ஊர்களின் விதிகள் வரிசையாக விழுந்தன.

இதனால் எதுவும் செய்யலாம் என்று ஆகிவிடவில்லை. பின்தொடர்வது, வழியை மறிப்பது, தொடுவது, மிரட்டுவது ஆகியவற்றை ஊர்கள் தடுக்க முடியும். செய்திகளில் அத்துமீறிய பான்ஹேண்ட்லிங் என்ற தொனியில் வருவது இதைத்தான். 2024-ல் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில், பொது இடத்தில் கூடாரம் போட்டுத் தூங்குவதற்குத் தண்டனை விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தூங்குவது பற்றியது, கேட்பது பற்றியது அல்ல. கேட்பதற்கு உரிமை உண்டு, படுப்பதற்கு இடம் இல்லை என்ற நிலையில் ஒரு மனிதரை நிறுத்தியிருப்பது எனக்கு ஏற்க முடியாததாகவே தெரிகிறது.

நம் சட்டம் வேறு வழியில் வந்தது. தமிழ்நாட்டில் பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1945-லேயே, பழைய சென்னை மாகாணத்தில், வந்தது. 1959-ன் பம்பாய்ச் சட்டம் பாடுவது, ஆடுவது, குறி சொல்வது என்ற பெயரில் காசு வாங்குவதையும் பிச்சைக்குள் சேர்த்தது. அது டெல்லிக்கும் விரிவாக்கப்பட்டிருந்தது. 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம், பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவுகளை டெல்லியைப் பொறுத்தவரை ரத்து செய்தது. அங்கே நீதிபதிகள் பேச்சுரிமையோடு நிற்காமல், உணவும் இருப்பிடமும் தர வேண்டிய அரசு, கிடைக்காதவரைத் தண்டிக்கலாமா என்ற பக்கம் போனார்கள்.

கடைசியாக, படிக்கும்போது எது எந்தப் பொருள் என்று பிரிக்கும் வழி. மாநிலத்தின் பெயருக்குப் பின்னால் வந்தால், அல்லது ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கினால், நிலம். வினையாக வந்தாலோ, பான்ஹேண்ட்லிங், பான்ஹேண்ட்லர் என்று நீண்டாலோ, காசு கேட்பது. பிரிட்டிஷ் பத்திரிகைகளில் இந்த வினையை அதிகம் பார்க்க முடியாது. அவர்கள் பெக்கிங் என்று நேராக எழுதுவார்கள். தென்னாப்பிரிக்காவில் மனை விற்பனை விளம்பரத்தில் கண்ணில் பட்டால் அது மூன்றாவது பொருள்: சாலையிலிருந்து ஒடுங்கிய பாதை ஒன்று உள்ளே போய், வேறொரு வீட்டுக்குப் பின்னால் விரியும் மனை. வாங்குவதற்கு முன் அந்தப் பாதையின் அகலத்தையும், அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.